பல்லு மிஸ் எங்கிருந்து வந்தார்?



உயர்தரம் முடித்த பிள்ளைகளிடம் பல் சிகிச்சை உதவியாளர் வேலை பற்றி நாங்கள் பேசினால், "பல்லு டாக்டருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைதானே சேர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

1885இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் வைத்தியர் ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்தினார். துணையில்லாமல் ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய பெண்கள், உள்ளே ஒரு பெண் இருக்கிறார் என்றதும் தைரியமாக வந்தார்கள். (இந்தத் தயக்கத்தை நம் தாய்மாருக்கு விளக்கத் தேவையில்லை.)

நியூசிலாந்து இன்னும் துணிந்தது. முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது இளைஞர்களின் பற்கள் எவ்வளவு கெட்டுப்போயிருந்தன என்பது தெரியவந்தது. 1921இல் தோமஸ் ஹன்டர் வெலிங்டனில் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சியை ஆரம்பித்தார். பாடசாலைப் பிள்ளைகளின் சூத்தைப் பல்லை அடைப்பதும் பாற்பல்லைப் பிடுங்குவதும் அவர்கள் கையாலேயே நடந்தன. பல் வைத்தியர்கள் சிலர் எதிர்த்தார்கள், வேலை நிற்கவில்லை.

கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசிலாந்தின் உதவியோடு, அந்த முறை 1955இல் மஹரகமைக்கு வந்தது. அன்று பல் தாதி, இன்று பாடசாலைப் பல் சிகிச்சையாளர். பிள்ளைகளுக்கு எப்போதும் 'பல்லு மிஸ்'தான்.

ஆனால் அந்த வருடங்களில் நம் மலையில் நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தது. கடைவீதியில் இந்திய வழி வந்த முஸ்லிம்களும் அதே சட்டத்தில் மாட்டினார்கள், இதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? லயத்துப் பெண் மஹரகமையை நினைத்தும் பார்க்க முடியாது. தோட்டப் பாடசாலைகளும் 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. அரசாங்கப் பாடசாலைகளுக்கென்று வந்த சேவை அங்கே எப்படி எட்டும்? கராம்பும் உப்புத் தண்ணீரும்தான் மருந்து.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இப்போதைய தடை, நம் மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் குறைவு என்பதே. விஞ்ஞானம் படிக்காமல் இந்தப் பயிற்சிக்குப் போக வழியில்லை. தரம் 11இல் பிள்ளை உள்ள வீடுகளில் இதை இப்போதே பேசுங்கள். விண்ணப்பம் கோரினால் இதே பக்கத்தில் போடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.