பூப்படங்களுக்கு வண்ணம் தீட்டியவர்கள்



பழைய பூச்செடிப் படங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். செம்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிட்டு, அதன்மேல் கையால் நீர்வண்ணம் பூசிய படங்கள் அவை. இவர்களில் பலர் தேடுவது, வில்லியம் கர்ட்டிஸ் என்பவர் 1787 பிப்ரவரியில் லண்டனில் தொடங்கிய 'பொட்டானிக்கல் மேகசின்' என்ற மாத இதழின் படங்களைத்தான்.

கர்ட்டிஸ் மருந்து தயாரிக்கும் தொழிலில் இருந்தவர். செடிகொடிகள்மேல் பைத்தியம். இந்த இதழுக்கு முன்பே, லண்டனைச் சுற்றித் தானாக முளைக்கும் செடிகளையெல்லாம் பெரிய தாள்களில் வண்ணப்படங்களாக வெளியிடத் தொடங்கியிருந்தார். அருமையான வேலை. ஆனால் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. வயலோரத்துக் களைச்செடிக்கு யார் பணம் தருவார்கள்? பணக்காரர்களுக்குத் தங்கள் தோட்டத்தில் புதிதாக வந்திறங்கிய வெளிநாட்டுப் பூக்களைப் பற்றித்தான் ஆசை. அதைப் புரிந்துகொண்டு, அலங்காரச் செடிகளுக்கென்றே சிறிய அளவில் ஓர் இதழைத் தொடங்கினார். மூன்று படங்கள், விலை ஒரு ஷில்லிங். முதல் படம் பாரசீக ஐரிஸ் பூ. அடுத்தது அமெரிக்காவிலிருந்து வந்த ஊதா நிறப் பூ ஒன்று. இதழ் பிய்த்துக்கொண்டு போனது. சுமார் 3000 பிரதிகள் விற்றன.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். (கணக்கு வாத்தியார் புத்தி போகவில்லை என்று சிரிக்க வேண்டாம்!) மாதம் 3000 பிரதி, பிரதிக்கு மூன்று படம் என்றால் 9000 தாள்கள். அச்சு இயந்திரம் கொடுத்தது கறுப்புக் கோடு மட்டுமே. இலையின் பச்சையும் இதழின் ஊதாவும் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகத் தூரிகையால் வந்தவை. இந்த வேலைக்கு 30 பேர் வரை இருந்தார்கள் என்று சொல்கிறார்கள். அப்படியானால் ஆளுக்கு மாதம் 300 தாள். வரைந்தவர் சரிபார்த்த மாதிரிப் படம் ஒன்று எதிரே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் பூச வேண்டும். அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்தால் நிறம் அப்படியே ஒத்துப்போகாது. ஒன்றில் பச்சை சற்றுத் தூக்கலாக இருக்கும். இன்னொன்றில் வண்ணம் கோட்டைத் தாண்டியிருக்கும்.

பல தாள்களின் அடியில் வரைந்தவர் பெயரும் செதுக்கியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். சோவர்பி, எட்வர்ட்ஸ், சான்சம் என்று படிக்கலாம். வண்ணம் பூசியவர் பெயருக்கு மட்டும் இடமே இல்லை. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அந்த வண்ணத்துக்காகத்தான் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நம் பக்கத்துக் கதையும் இதே மாதிரிதான். ராக்ஸ்பர்க் என்ற மருத்துவர் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி 300 வண்ணப்படங்களோடு மூன்று பெரிய தொகுதிகள் கொண்டுவந்தார். முதல் தொகுதி 1795-இல் லண்டனில் வெளிவரத் தொடங்கியது. மூலப்படங்களை வரைந்த நம் நாட்டு ஓவியர்களின் பெயர் அதில் இல்லை. பிறகு சென்னை மாகாணத்தில் இருந்த ராபர்ட் வைட்தான் ரங்கையா, கோவிந்து என்ற தம் ஓவியர்களின் பெயரைப் படத்திலேயே அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். பெரிய மனசு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர் இப்படிப் படம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இன்றைய அச்சு. பழையதில் கோடு தொடர்ச்சியாக ஓடும், வண்ணம் அதன்மேல் படர்ந்திருக்கும். சுமார் 1845-க்குப் பிறகு இந்த இதழ் செம்புத் தகட்டை விட்டுக் கல்லச்சுக்கு மாறிவிட்டது. வண்ணம் மட்டும் கையால்தான். பழைய படத்துக்குப் பின்னாளில் புதிதாக வண்ணம் பூசி விற்பவர்களும் உண்டு, கவனம்.

இன்னொன்று. ஒற்றைத் தாள் கடைக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் முழுத் தொகுதியைப் பிரித்து, படங்களை உருவி, சட்டம் போட்டு விற்கிறார்கள். ஒவ்வொரு படத்தோடும் அந்தச் செடி எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ப்பது என்று எழுதிய பக்கம் உண்டு. அது குப்பைக்குப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால், ஏற்கெனவே சிதைந்த தொகுதியிலிருந்து வந்த தாளை வாங்குங்கள், அதுவும் எழுத்துப் பக்கத்தோடு கிடைத்தால். நல்ல தொகுதியைப் பிரித்து விற்பவரிடம் வாங்க வேண்டாம். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

கர்ட்டிஸ் 1799-இல் மறைந்தார். இதழ் இன்றும் வருகிறது. கையால் வண்ணம் பூசும் வழக்கம் 1948 வரை, அதாவது 161 ஆண்டுகள் நீடித்தது.