‘மூர்’ என்ற சொல்லும் நமது பெயரும்

முதலாந்தர அனுமதிக்கு வரும் பிறப்புச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது எங்கள் பாடசாலையில் என் பொறுப்பு. தமிழில் ‘இலங்கைச் சோனகர்’, சிங்களத்தில் ‘லங்கா யோனக’, ஆங்கிலத்தில் ‘மூர்’. மூன்றும் நம்மைத்தான் குறிக்கின்றன. சென்ற தவணை மாணவன் ஒருவன் அகராதியோடு வந்தான்.

“சேர், மூர் என்டா தரிசு நிலம் என்டு ஈக்குது. கப்பலக் கட்டுற என்டும் ஈக்குது. எங்கட சேர்ட்டிபிகேட்ல இது எப்படி வந்த?”

நியாயமான கேள்வி. எழுத்து ஒன்றாயினும் இவை வெவ்வேறு சொற்கள். புதர் மண்டிய மேட்டு நிலத்தைக் குறிப்பது பழைய ஆங்கிலச் சொல். கப்பலைக் கரையில் பிணைப்பதைக் குறிப்பது டச்சு மொழிக்கு உறவான வினைச்சொல். நம்மைக் குறிப்பதோ லத்தீன் ‘மௌருஸ்’. வடமேற்கு ஆபிரிக்காவின் மௌரித்தானியப் பகுதி மக்களை உரோமர் அப்படி அழைத்தனர். இது இஸ்லாத்துக்கு முந்திய பெயர்.

பின்னர் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களுக்கு ஐபீரிய மக்கள் அதே பெயரைச் சூட்டினர். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. அதன்பின் கீழைக் கடலுக்கு வந்த போர்த்துக்கேயர், இங்கு கண்ட முஸ்லிம்களையும் ‘மௌரோ’ என்றனர். பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் மிந்தனாவோ முஸ்லிம்களை ‘மோரோ’ என்றதும் இதே பழக்கத்தால்தான். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் இடங்கொடுத்தான். விரட்டியவன் வைத்த பெயரோ ஆங்கிலேயர் வழியாக நம் பத்திரங்களில் தங்கிவிட்டது.

‘சோனகர்’ மட்டும் நம் சொந்தச் சொல்லா? அதுவும் ‘யோனக’வும் ‘யவனர்’ என்பதன் வழிவந்தவை. மூலம் கிரேக்கரின் அயோனியா. கிரேக்கருக்கு வழங்கிய பெயர் பின்னர் அரபிகளுக்கும், அடுத்து நமக்கும் ஆகிவந்தது. அதற்காக நாம் கிரேக்கர் என்று எவரும் சொல்வதில்லை. அப்படியிருக்க ‘மூர்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மொரோக்கோவில் பூர்வீகம் தேடுவது என்ன நியாயம்?

பெயர் வெறும் பெயராக நின்றுவிடவில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆசியக் கழகத்தில் கட்டுரை வாசித்தார். சட்ட நிரூபண சபையில் நமக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டே அந்த உறுப்புரிமை கிடைத்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் எழுதி அரபு வம்சத்தை வலியுறுத்தினார். இருவர் வாதத்திலும் வரலாறு பாதி, அரசியல் பாதி.

அரசாங்கம் நம்மை ‘இலங்கைச் சோனகர்’, இந்தியாவிலிருந்து வந்த ‘கரையோரச் சோனகர்’ என்று பிரித்தும் வைத்திருந்தது. 1915 மே 28 இரவு, கண்டி காசல் ஹில் வீதியில் கரையோரச் சோனகரின் பள்ளிவாசலருகே வெசாக் ஊர்வலத்தில் மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. கடைகளை உடைத்தவர்கள் எந்தச் சோனகர் என்று பார்த்து உடைக்கவில்லை.

இதே கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் பத்திரிகை தொடங்கியபோது வைத்த பெயர் ‘முஸ்லிம் நேசன்’. மார்க்கத்தால் வந்த பெயரை அவர் எடுத்தார், எழுதியது தமிழில்.

அந்த மாணவனுக்கு நான் சொன்னது இதுதான்: “மகன், அந்தச் சொல் ஆபிரிக்காவால வந்த. நீங்க அதுக்குள்ளால வந்தில்ல. வாப்பும்மாட்ட கேட்டு, தெரிஞ்ச வரைக்கும் குடும்பத்துப் பேர்கள எழுதிட்டு வாங்க.” மறுவாரம் அவன் ஐந்து தலைமுறை எழுதி வந்தான்.