வெண்மை வேறு, தூய்மை வேறு: பீங்கான் தொட்டியின் வரலாறு

ஒரு நாளில் நாம் அதிக முறை குனிந்து நிற்கும் இடம் எதுவென்று எண்ணிப் பார்த்தால், அது வீட்டுக் கழுவுதொட்டியாகவே இருக்கும். உணவுக்கு முன்னும் பின்னும் கை கழுவுவதும், தொழுகைக்காக உளூச் செய்வதும், பாத்திரம் அலசுவதும் அங்கேதான். அத்தொட்டி பெரும்பாலும் வெண்பீங்கானால் ஆனது. சில ஆண்டுகளில் குழாய்க்கு நேர்கீழே செம்பழுப்புக் கோடு விழுகிறது. வடிகால் வாயைச் சுற்றி உப்புப் படிகிறது. தேநீரும் மஞ்சளும் தத்தம் தடத்தை விட்டுச் செல்கின்றன.

பெருநாள் நெருங்கும்போது அக்கறைகளை நீக்க வீட்டுப் பெண்கள் படும் பாடு சிறிதன்று. ஒரு திரவத்தால் போகாத கறை இரண்டு திரவங்களைக் கலந்தால் போய்விடும் என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. அந்த எண்ணம் உயிருக்கே ஊறு செய்யவல்லது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, இந்த வெண்மை எங்கிருந்து வந்தது, அதைக் காக்க மனிதர் எவற்றையெல்லாம் கண்டறிந்தனர் என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது நலம்.

பஸ்ராவின் வெண்ணிறப் பூச்சு

‘பீங்கான்’ என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்ததாக அகராதிகள் கூறுகின்றன. பொருளோ சீனத்தில் பிறந்தது. தாங் அரச மரபின் காலத்தில், வட சீனத்தின் சிங் சூளைகளில் தூய வெண்ணிறக் கலங்கள் உருவாயின. அவை கடல்வழியே அப்பாசியரின் இராக்கை அடைந்தன. அவ்வணிகத்திற்குச் சான்றாக, இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிக் கிடந்த ஒரு மரக்கலம் 1998-இல் கண்டெடுக்கப்பட்டது. அரபுக் கப்பல்களின் முறைப்படி, ஆணியின்றிக் கயிற்றால் பலகைகள் தைக்கப்பட்ட கலம் அது. அதிலிருந்து ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-ஐக் குறிக்கும் சீன ஆண்டுக் குறிப்பு பொறிக்கப்பட்டிருந்தது.

இத்தகைய கலங்களைக் கண்டு வியந்த பஸ்ரா நகரக் குயவர்கள், தாமும் அவ்வாறு செய்ய விரும்பினர். ஆனால் பீங்கானுக்குரிய வெண்களிமண் அவர்களிடம் இல்லை. அவர்களின் மண் சுட்டால் மஞ்சள் சாயல் கொண்டது. எனவே அவர்கள் வேறொரு வழி கண்டனர். கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்து கலத்தின்மேல் பூசிச் சுட்டனர். மண்ணின் நிறம் மறைந்து, மேற்பரப்பு பால்போல் வெளுத்தது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் செழித்த இக்கலை, பின்னர் அந்தலூசியாவுக்கும் அங்கிருந்து இத்தாலிக்கும், காலப்போக்கில் டச்சு நாட்டின் டெல்ஃப்ட் நகருக்கும் பரவியது.

நம் வீட்டுத் தொட்டியை விளங்கிக்கொள்ள இவ்வரலாறு உதவுகிறது. இன்றைய தொட்டிகளிலும் நாம் தொட்டுப் பார்க்கும் வெண்மை, மேலே உருகி உறைந்த மெல்லிய கண்ணாடிப் பூச்சினுடையதே. வெள்ளீயத்தின் இடத்தை இப்போது பெரும்பாலும் சிர்க்கான் என்னும் கனிமம் பிடித்திருக்கிறது. வார்ப்பிரும்பின்மேல் பூச்சிட்ட எனாமல் தொட்டிகளும் உள்ளன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர், 1883-இல் கால்நடைகளுக்கான இரும்புத் தொட்டி ஒன்றின்மீது எனாமல் பூசி, அதைக் குளியல் தொட்டியாக்கினார். எவ்வகையாயினும் உண்மை ஒன்றே. பூச்சு நலமாக இருக்கும்வரை கறை அதன் மேலேதான் தங்கும். பூச்சில் கீறல் விழுந்தால், அழுக்கு அக்கீறலுக்குள் குடியேறிவிடும்.

சாம்பலும் சவர்க்காரமும்

அழுக்கு நீக்கும் கலையிலும் அரபுலகின் தடம் ஆழமானது. உவர்நிலத்தில் வளரும் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் ‘அல்-கலீ’ என்றனர். நம் கடலோர உப்பளங்களில் காணும் உமரிப் பூண்டுக்கு உறவான செடிகள் அவை. காரப் பொருள்களுக்கு ஐரோப்பியர் வழங்கும் ‘ஆல்கலி’ என்னும் பெயர் அச்சொல்லிலிருந்தே பிறந்தது. அச்சாம்பற் காரத்தையும் ஆலிவ் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சியே நாப்லுஸ், அலெப்போ நகரங்கள் சவர்க்காரத்தால் புகழ்பெற்றன. அவ்விரு நகரங்களின் சவர்க்காரக் கலையும் 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

தமிழகத்தில் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைப் பயன்படுத்தினர். வீடுகளில் சாம்பலும் செங்கற்பொடியும் மணலும் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைத் துலக்கின. அவ்வழக்கத்தைப் பீங்கானுக்கும் நீட்டிப்பது தவறு. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்சு. அது கண்ணாடிப் பூச்சைவிடக் கடினமானது. நெல் உமிச் சாம்பலின் பெரும்பகுதியும் சிலிக்காவே. இவற்றாலோ இரும்பு நாராலோ தேய்த்தால் அன்று கறை போகும். ஆனால் பூச்சு சிராய்ந்து, அடுத்த கறை முன்னிலும் விரைவாகப் பற்றும். ‘எவ்வளவு தேய்த்தும் வெளுக்கவில்லை’ என்று நாம் குறைகூறும் தொட்டிகள் பல, தேய்த்ததாலேயே கெட்டவை.

வெளுக்கும் வாயு

1774-இல் சுவீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, பசுமஞ்சள் நிறமுள்ள ஒரு வாயுவைப் பிரித்தெடுத்தார். அது பூக்களின் நிறத்தையும் இலைகளின் நிறத்தையும் போக்குவதைக் கண்டார். பின்னாளில் குளோரின் எனப் பெயர்பெற்ற வாயு அது. 1785-இல் பிரான்சின் பெர்தொலே அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்திக் காட்டினார். அதுவரை துணியைப் புல்வெளியில் விரித்து, வெயிலில் வாரக்கணக்கில் காயவைத்தே வெளுத்து வந்தனர். 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றி, உலர்ந்த பிளீச்சிங் பவுடராக ஆக்கினார். 1820-களில் லபராக் என்னும் பிரெஞ்சு மருந்தாளர், சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை நாற்றமும் தொற்றும் நீக்கப் பரிந்துரைத்தார். இன்று கடைகளில் நாம் வாங்கும் வெளுப்புத் திரவம் அதன் வழிவந்ததே.

அதே குளோரினுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில், ஜெர்மானியப் படை 5,700-க்கும் மேற்பட்ட உருளைகளைத் திறந்து குளோரினைக் காற்றில் விட்டது. எதிரே நின்ற பிரெஞ்சு அணிகளுள் ஒன்று 45-ஆம் அல்ஜீரியப் பிரிவு. தம் நாட்டை ஆண்டவர்களுக்காகப் போரிட அழைத்துவரப்பட்ட முஸ்லிம் வீரர்களும் அதில் இருந்தனர். கண்ணும் தொண்டையும் எரிய, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறி மாண்டவர் பலர்.

போர்க்களத்தின் அந்த வாயு நம் குளியலறையிலும் பிறக்கக்கூடும். ஹைப்போகுளோரைட் கலந்த வெளுப்புத் திரவத்துடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வெளிப்படும். கழிப்பறைக்கென விற்கப்படும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது. வினிகரும் எலுமிச்சையும்கூட அமிலங்களே. அம்மோனியா கலந்த பொருளுடன் சேர்ந்தால் குளோரமின் என்னும் வேறொரு நச்சு எழும். சாளரமில்லாத சிற்றறையில், முழந்தாளிட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்திற்கு மிக அருகில் அது எழுகிறது. அது நம் தாயாகவோ, நம் வீட்டில் கூலிக்கு உழைக்கும் சகோதரியாகவோ இருக்கலாம். கண் எரிந்து இருமல் தொடங்கினால், கழுவி முடிக்க வேண்டும் என்று அங்கே நிற்கலாகாது. உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மூச்சுத் திணறல் இருப்பின் மருத்துவரை நாட வேண்டும்.

கறையை அறிந்து நீக்குதல்

வலிமையைக் கூட்டுவதால் கறை நீங்கிவிடாது. கறையின் இனத்தை அறிந்தால் எளிய பொருளே போதும். முதலில் தொட்டியைச் சவர்க்காரத்தாலும் மென்துணியாலும் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குக. பிறகு எஞ்சியிருப்பது என்னவென்று நோக்குக.

செம்பழுப்புக் கோடு இரும்பின் துரு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகப் படிகிறது. வெளுப்புத் திரவம் இதை நீக்காது. நீரிலுள்ள இரும்பை மேலும் துருவாக்கிக் கறையை நிலைபெறச் செய்யும். இங்கே வேண்டியது மென்மையான அமிலம். அதே ஷீலே 1784-இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சிட்ரிக் அமிலம், நம் கடைகளில் எலுமிச்சை உப்பாகக் கிடைக்கிறது. ஒரு குவளை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, துணியை நனைத்துக் கறைமீது அரைமணி நேரம் போர்த்தி வைத்தால் துரு இளகும். பித்தளைக் குடத்தின் களிம்பைப் புளி நீக்குவதும் இதே வழியில்தான்.

வெண்சாம்பல் நிறப் படிவு கடின நீரின் சுண்ணாம்பு. அதற்கும் எலுமிச்சை உப்போ வினிகரோ ஏற்றது. ஆயினும் எனாமல் தொட்டியில் அமிலத்தைச் சில நிமிடங்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது, பூச்சு மங்கிவிடும். காந்தம் ஒட்டினால் அது எனாமல் பூசிய இரும்பு, ஒட்டாவிடில் பீங்கான்.

தேநீர், மஞ்சள் கறைகளுக்கு வேண்டியது நிறத்தை உடைக்கும் பொருள். 1818-இல் பிரான்சின் தெனார் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக் கடைகளில் மூன்று விழுக்காட்டுக் கரைசலாகக் கிடைக்கிறது. மெல்லிய தாளை அதில் நனைத்துக் கறைமேல் ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவுக. மஞ்சள் கறைமீது சவர்க்காரம் பட்டதும் சிவந்தால் அஞ்ச வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயல்பு. சுண்ணாம்பு சேர்ந்த மஞ்சள் குங்கும நிறமாவதும் அதனால்தான்.

கருநிறக் கீற்றுகள் பெரும்பாலும் கீறல்கள் அல்ல. பாத்திரத்தின் உலோகம் பூச்சின்மேல் உரசி விட்டுச்சென்ற தடங்கள் அவை. சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தேய்த்தால் மெல்ல மறையும். சோடா பூச்சைவிட மென்மையானது, ஆதலால் கீறாது. அச்சோடாவுடன் வினிகரைச் சேர்த்து நுரைக்கவிடுவதில் பயனில்லை. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு வீணாகும்.

ஒரு பொருளைப் பயன்படுத்தியபின் நன்கு நீர்விட்டுக் கழுவாமல் வேறொன்றைத் தொடலாகாது. வெளுப்புத் திரவத்தை எதனுடனும் கலக்கலாகாது. அமிலம் பயன்படுத்திய நாளில் அதை எடுக்காமலே இருப்பது நன்று. கையுறை அணிந்து, கதவையும் சாளரத்தையும் திறந்து வைத்துக்கொள்க.

எது தூய்மை?

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டை நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளனர். அசுத்தத்தை நீரால் கழுவி அதன் பொருள் நீங்கியபின், போக்குவதற்கு அரிதான நிறம் மட்டும் எஞ்சி நின்றால், அந்நிறம் மன்னிக்கப்பட்டது, அவ்விடம் தூய்மையானதே. அசுத்தத்தின் சுவட்டுக்கே இந்தச் சலுகை எனில், துருவும் தேநீரும் விட்ட கறையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? பழுப்புக் கோடு விழுந்த தொட்டியில் செய்யும் உளூவுக்குக் குறையேதும் இல்லை. வெண்மை கண்ணுக்கு அழகு. அதை நாடுவதில் தவறில்லை. ஆனால் அதற்காக ஒருவரின் மூச்சைப் பணயம் வைக்க மார்க்கம் நம்மைக் கேட்கவில்லை.

துருக்கோட்டிற்கு இன்னொரு பொருளும் உண்டு. அது பெரும்பாலும் சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயின் கையெழுத்து. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவில், உளூச் செய்ததாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. கறையை அகற்றுமுன் குழாயின் வாஷரை மாற்றினால், கறையின் வேரும் அறும், வீண்விரயமும் நிற்கும்.

வரும் பெருநாளுக்குத் தொட்டியை வெளுக்க முனையும்போது, புட்டிகளின் பின்புறம் எழுதியிருப்பதை வாசித்து, அந்த வேலையைச் செய்பவருக்கும் வாசித்துச் சொல்வோம். நம் இல்லங்களையும் அவற்றில் உழைப்போரின் உடல்நலத்தையும் அல்லாஹ் காத்தருள்வானாக.