"இப்போ வலி எப்படி இருக்கு?"

வலியோட வரலாறுன்னா பொதுவா மார்ஃபின், ஆஸ்பிரின், மயக்க மருந்து என்று மருந்துகளின் கதையாகத்தான் சொல்வாங்க. இன்னைக்கு நான் சொல்லப்போறது ஒரு கேள்வியின் கதை. ஊசி போட்டுட்டுப் போன நர்ஸோ டாக்டரோ கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து கேட்கவேண்டிய கேள்வி: "இப்போ எப்படி இருக்கு?" அமெரிக்க எமர்ஜென்சி பிரிவுகளில் இந்தக் கேள்விக்கு என்ன ஆச்சு என்று பார்ப்போம். ஏன் அமெரிக்கா? அங்கே இதை விதியாகவே போட்டு, நடக்குதா இல்லையா என்று எண்ணியும் பார்த்திருக்காங்க.

1973-லிருந்து தொடங்கலாம். மார்க்ஸ், சாக்கர் என்று இரண்டு மனநல மருத்துவர்கள், நியூயார்க்கில். வார்டில் யாராவது வலி வலி என்று ரொம்பப் புலம்பினால், மனசுல ஏதோ பிரச்சினை போல, வந்து பாருங்க என்று இவங்களைக் கூப்பிடுவாங்க. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மனசுல ஒண்ணும் இல்லை. கொடுத்த மருந்து போதவில்லை, அவ்வளவுதான். பெத்திடின் வாங்கிக்கொண்டிருந்த 37 நோயாளிகளை நேரில் விசாரித்தார்கள். மருந்து போன பிறகும் 32 சதவீதம் பேர் கடும் வேதனையில் இருந்தார்கள். இன்னொரு 41 சதவீதம் பேருக்கு மிதமான வேதனை. மருந்து எழுதிய டாக்டர்களுக்கு இது தெரியாது. அடிமையாகிவிடுவார்கள் என்ற பயம் மட்டும் அவங்களுக்கு நிறைய இருந்தது.

எமர்ஜென்சி பக்கம் வெளிச்சம் விழ 1989 ஆனது. வில்சன், பென்டில்டன் இருவரும் வலியோடு வந்த 198 பேரின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார்கள். 56 சதவீதம் பேருக்கு வலி மருந்தே கொடுக்கப்படவில்லை. 1993-ல் நாக்ஸ் டாட் என்ற மருத்துவர் லாஸ் ஏஞ்சல்ஸில் கை கால் நீள எலும்பு முறிந்து வந்த 139 பேரை எடுத்துப் பார்த்தார். எலும்பு முறிவுங்க, யாருக்கும் சந்தேகம் வரமுடியாத வலி. மருந்தே கிடைக்காதவர்கள் வெள்ளையரில் 26 சதவீதம், ஹிஸ்பானிய மக்களில் 55 சதவீதம். இதற்கு மேல நான் என்ன சொல்ல!

ஆக, கேட்கவே இல்லை என்பதுதான் நோய் என்று முடிவானது. 1990-களின் நடுவில் அமெரிக்க வலிச் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் கேம்ப்பெல் ஒரு யோசனை வைத்தார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு மாதிரி வலியையும் ஐந்தாவதாகப் பதிவு செய்யுங்கள் என்றார். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 1999-ல் இதை ஏற்றன. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷனின் வலி விதிகள் 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்க வலிக்கு எத்தனை மார்க் போடுவீங்க என்ற கேள்வி நாடு முழுக்கப் பரவியது. மறுபடி மதிப்பிட வசதியாக அந்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருந்தது. ஆனால் முதல் எண் வரும்போதே ஃபாரத்தில் ஏறிவிடும். இரண்டாவது எண்ணுக்கு ஒரு ஆள் திரும்பி வரணும். அதற்குள் நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பாங்க, டியூட்டி மாறியிருக்கும், ஆம்புலன்ஸில் அடுத்தவர் வந்திருப்பார்.

திரும்பி வந்தால் என்ன தெரியும்? 2005-ல் பாலி பைஜூர் குழுவினர் கடும் வலியோடு வந்த 119 பேருக்கு வழக்கமான அளவில், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், மார்ஃபினை நரம்பில் போட்டார்கள். அரை மணி நேரம் கழித்துக் கேட்டார்கள். 67 சதவீதம் பேருக்கு வலி பாதிகூடக் குறையவில்லை. பாடப்புத்தக அளவுதான், தப்பு ஒண்ணும் இல்லை. ஆனால் கேட்காமல் போயிருந்தால், "மார்ஃபின் கொடுக்கப்பட்டது" என்று கேஸ் ஷீட்டில் எழுதியதோடு விஷயம் முடிந்திருக்கும்.

2007-ல் டாட் குழுவினர் அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து 20 எமர்ஜென்சி பிரிவுகளில் 842 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். எனக்கு இந்தக் கதையின் மையமே இதுதான். 83 சதவீதம் பேருக்கு வலி மதிப்பீடு பதிவாகியிருந்தது. அதாவது விதி வேலை செய்தது. மறுமதிப்பீடு? அபூர்வம். 74 சதவீதம் பேர் மிதமான அல்லது கடும் வலியோடேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதே காலத்தில் இன்னொரு பக்கமும் நடந்தது. ஃப்ளோரிடாவின் மாஃபிட் புற்றுநோய் மையத்தில், அது எமர்ஜென்சி இல்லை, உள்நோயாளி வார்டு, வலி எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்கும் முறை வந்த பிறகு ஓபியாய்ட் மருந்தால் அளவுமீறி மயங்கிப்போவது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 2005-ல் வெளியான ஆய்வு இது. அந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு ஆபத்து வருவதற்கு முன்பே நினைவு மங்கத் தொடங்கியது பதிவாகியிருந்தது. கவனிச்சீங்களா? வலி குறையலைன்னு தெரிந்துகொள்வதற்கும் மயக்கம் கூடுதுன்னு தெரிந்துகொள்வதற்கும் ஒரே வேலைதான் செய்யணும். கட்டிலுக்குத் திரும்பி வரணும்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1996-ல் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ கம்பெனி, ஜாயின்ட் கமிஷனின் வலிக் கல்விப் பாடங்களுக்கும் பணம் கொடுத்திருந்தது. 2007-ல், அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி மருந்தை விற்ற வழக்கில் அதோடு தொடர்புடைய நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சாவுகள் பெருகின. பழி வலியைக் கேட்ட கேள்வி மேலயும் விழுந்தது. 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஐந்தாவது அறிகுறி என்ற அந்தக் கருத்தையே கைவிட்டது. அது நியாயமா என்றால், பாதிதான் என்பேன். எண்ணை வாங்கி அதற்கு மாத்திரையால் பதில் சொன்னதைத் திட்டலாம். மாத்திரைக்கு அப்புறம் யாரும் வந்து கேட்காததை யாரும் பெரிதாகத் திட்டவில்லை.

2018 ஜனவரியில் ஜாயின்ட் கமிஷனின் புதிய விதிகள் வந்தன. மறுமதிப்பீட்டில் மருந்துக்கு உடம்பு எப்படிப் பதில் சொன்னது, பக்கவிளைவு உண்டா என்று பார்க்கச் சொன்னது. கூடவே ஆழமா மூச்சு இழுக்க முடிகிறதா, படுக்கையில் புரள முடிகிறதா, எழுந்து நடக்க முடிகிறதா என்பதையும் பார்க்கச் சொன்னது.