பிராங்கோ கையில் இருந்த பட்டியல்

1941 ஜூன் 7 அன்று திருப்பீடத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம், பழைய ஸ்பானிய மன்னர்கள் அனுபவித்த ஒரு சலுகையைச் சர்வாதிகாரி பிராங்கோவுக்கு மீட்டுத் தந்தது. ஒரு மறைமாவட்டம் காலியானால் திருப்பீடத் தூதரும் அரசும் கலந்துபேசி ஆறு பெயர்களை ரோமுக்கு அனுப்புவார்கள். திருத்தந்தை அதிலிருந்து மூன்று பெயர்களைத் திருப்பி அனுப்புவார். முப்பது நாளுக்குள் அந்த மூவரில் ஒருவரைப் பிராங்கோ முன்மொழிய வேண்டும். 1953 உடன்படிக்கையும் இதை உறுதி செய்தது. ஆயர்களைக் கைக்குள் வைத்திருக்க இதைவிட நல்ல ஏற்பாடு ஏது என்று தோன்றும். ஆனால் தேவையே இல்லாத காலத்தில்தான் அது பலித்தது, தேவைப்பட்டபோது கைவிட்டது.

தொடக்கத்தில் ஆயர்கள் பணிந்தது பட்டியலால் அல்ல. உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பின் பகுதிகளில் ஏறத்தாழ 6,800 குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டார்கள். 1937 ஜூலையில் பிராங்கோவை ஆதரித்துக் கூட்டுமடல் வெளியிட்ட ஆயர்களில் எவரும் அவர் முன்மொழிந்தவர் அல்லர். கையெழுத்திட மறுத்த கர்தினால் விதால் இ பர்ராகேர் போன்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அச்சமும் நன்றியும் செய்த வேலைக்குப் பட்டியல் பின்னால் பெயர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். பட்டியல் வழியே வந்தவர்களும் வந்தபடியே இருந்துவிடவில்லை. 1945இல் 38 வயதில் சொல்சோனா ஆயரான தரன்கோன், 1950இல் அன்றாட உணவைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். மக்கள் ரொட்டிக்கு அல்லாடுவதை அது வெளிப்படையாகச் சொன்னது. அரசுக்கு அது கசந்தது. அந்தச் சின்ன மறைமாவட்டத்திலேயே அவர் 1964 வரை இருக்க நேர்ந்தது.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இத்தகைய உரிமைகளை அரசுகள் தாமாகவே விட்டுத்தர வேண்டும் என்று கேட்டது. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நேரடியாகவே கடிதம் எழுதியும் பிராங்கோ இசையவில்லை. ரோம் சண்டைக்குப் போகவில்லை. துணை ஆயர்களுக்குப் பட்டியல் தேவையில்லை என்பதால் அவர்களைத் தன் விருப்பப்படி நியமித்தது. காலியான மறைமாவட்டங்களை அப்போஸ்தலிக்க நிர்வாகிகளிடம் ஒப்படைத்தது. 1971 மே மாதம் மத்ரித் பேராயர் மோர்சில்யோ இறந்ததும் தரன்கோன் அங்கே நிர்வாகியாக வந்து அமர்ந்தது இந்தப் பக்கவாசல் வழியேதான்.

ஆயர்கள் ஆட்சியிலிருந்து விலகிய மாற்றத்துக்குச் சங்கம்தான் காரணம், நியமனங்கள் அல்ல என்று வாதிடலாம். சங்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயர்கள் மோர்சில்யோவும் கந்தேரோவும் ஊர் திரும்பி ஆட்சிக்கு நெருக்கமாகவே இருந்தார்கள் என்பதை அந்த வாதம் விளக்காது. புதிய கருத்துகளுக்குப் பெரும்பான்மை சேர்த்துத் தந்தவர்கள் புதிதாக வந்த ஆயர்கள். 1971 செப்டம்பரில் ஆயர்களும் குருக்களும் கூடிய பேரவையில், போரின்போது இணக்கத்துக்கு உழைக்கத் தவறியதற்காக மன்னிப்புக் கேட்கும் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு விழுந்தது. மூன்றில் இரண்டு பங்கு மட்டும் கிட்டவில்லை.

1974 பிப்ரவரியில் பாஸ்க் மக்களின் அடையாளத்துக்காகப் பேசும் மறையுரை பில்பாவோ மறைமாவட்டக் கோவில்களில் வாசிக்கப்பட்டது. அரசு ஆயர் அன்யோவெரோசை வீட்டுக்காவலில் வைத்தது. நாடு கடத்த விமானத்தையும் தயாராக நிறுத்தியது. திருத்தந்தை சொன்னால் ஒழியக் கிளம்ப மாட்டேன் என்றார் அவர். அவரைத் தொட்டால் சம்பந்தப்பட்டவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கத் தரன்கோன் ஆயத்தமானார். பிராங்கோ பின்வாங்கினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1976 ஜூலையில், மன்னர் யுவான் கார்லோஸ் அந்தச் சலுகையைத் துறந்தார்.