சப்பலோ: பாலம் இல்லாத தீவும் காணி உறுதிகளும்

அமெரிக்காவின் தென்கிழக்கே, ஜோர்ஜியா மாநிலக் கரையோரத்தில் சப்பலோ என்றொரு தீவு இருக்கிறது. கிட்டத்தட்ட 16,500 ஏக்கர். இன்றைக்கும் பாலம் இல்லை. மெரிடியன் என்ற கரையூரில் அரசாங்கப் படகு ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். ஒருகாலத்தில் இங்கே அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் ஒரு சின்னக் கிராமத்தில் இன்னும் வாழ்கிறார்கள். கல்லா-கீச்சி மக்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். பாலம் இல்லாதபடியால்தான் அவர்களுடைய மொழியும் வழக்கங்களும் பிழைத்தன என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். சரிதான், ஆனால் அது பாதிக் கதை. மற்றப் பாதி காணி உறுதியில் கிடக்கிறது.

முதலில் தீவைப் பார்ப்போம். இது ஒரு தடுப்புத்தீவு. கரைக்குச் சமாந்தரமாக நீண்டு கிடந்து, அத்திலாந்திக்கின் அலையையும் புயலையும் முதலில் தான் வாங்கிக்கொள்கிற மணல் தீவு. இப்படியான தீவுகள் பல இடங்களில் வெறும் மணல்திட்டுத்தான். சப்பலோ கொஞ்சம் வித்தியாசம். நடுப்பகுதி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் படிந்த பழைய மணல். கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் மட்டம் திரும்ப உயர்ந்தபோது கிழக்கு விளிம்பில் புதுமணல் வந்து ஒட்டியது. அதனால்தான் உள்ளே ஓக் மரக்காடும் பயிர் செய்யக்கூடிய நிலமும் உண்டு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் கிலோமீற்றர் கணக்கில் உப்புச் சதுப்பு, அதற்குள்ளே வளைந்து வளைந்து ஓடும் கழிகள். கரை உள்வாங்கி வளைந்திருப்பதால் வற்றுப்பெருக்கு இரண்டு மீற்றருக்கும் மேல் போகும். எங்கட கரைகளில் அது ஒரு மீற்றர்கூட வராது. நாளுக்கு இரண்டு தடவை இந்தப் பெரிய தண்ணீர் சதுப்பைக் கழுவி ஊட்டிவிட்டுப் போகிறது. 1950களிலிருந்து சூழலியல் விஞ்ஞானிகள் இங்கே வந்து குவிந்ததும் இதனால்தான்.

நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் போட்ட சிப்பி ஓடுகள் தீவின் வடபகுதியில் வளையமாகக் குவிந்து இன்னும் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார் குவாலே மக்களிடையே மிஷன் நடத்தினார்கள். சப்பாலா என்று அவர்கள் எழுதிய பெயர்தான் இன்றைய பெயராகத் திரிந்தது.

எங்களை இந்தத் தீவுக்குள் இழுத்தது வேறொரு ஆள். 1802இல் தோமஸ் ஸ்போல்டிங் என்ற தோட்டமுதலாளி தீவின் தென்பகுதியை வாங்கி, நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்து நீளிழைப் பருத்தியும் கரும்பும் போட்டார். சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பில் மாளிகையும் கட்டினார். தோட்டத்து வேலைகளை மேற்பார்த்த தலையாள் பிலாலி முஹம்மத். அவரும் அடிமைதான். மேற்கு ஆபிரிக்காவின் பூத்தா ஜல்லோன் பகுதியில் பிறந்து, பஹாமாஸ் வழியாகக் கொண்டுவரப்பட்டவர். அவர் விட்டுப்போன 13 பக்க அரபுக் கையெழுத்துப் பிரதி ஒன்று உண்டு. அடிமை எழுதியது, அப்போ நாட்குறிப்பாகத்தான் இருக்கும் என்று பல காலம் நம்பினார்கள். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பேர்க் அதன் படியை நைஜீரியாவின் கானோவுக்குக் கொண்டுபோய் ஹவுசா அறிஞர்களிடம் காட்டி, 1940இல் விஷயத்தை வெளியிட்டார். அது 10ஆம் நூற்றாண்டில் இப்னு அபீ ஸைத் அல்-கைரவானி எழுதிய மாலிக்கி சட்டநூலான 'ரிஸாலா'வின் பகுதிகள். வுழூ, பாங்கு, தொழுகை பற்றியவை. எசமானைப் பற்றி ஒரு சொல் இல்லை. சின்ன வயதில் ஓதிய பாடத்தைத்தான் பிலாலி எழுதிவைத்திருக்கிறார்.

1930களில் எழுத்தாளர் திட்டமொன்றைச் சேர்ந்தவர்கள் வந்து கேட்டபோது சப்பலோ முதியவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். பாட்டி அரிசியை இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் உரலில் இடித்து, தேனோ சீனியோ சேர்த்து, தட்டையாகத் தட்டிப் பிள்ளைகளின் கையில் வைப்பாளாம். அதற்குப் பெயர் 'சரகா'. எங்கட வாசகர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. சதக்கா. கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்குள் பப்டிஸ்ட் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள்.

இனிக் காணிக்கு வருவோம். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷேர்மன் ஒரு கட்டளை போட்டார். இந்தக் கரையோரத் தீவுகள் விடுதலையான கறுப்பின மக்களுக்கு, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அதை மாற்றி, காணியைப் பழைய எசமான்களிடம் திருப்பிவிட்டார். சரி, தந்ததைப் பறித்தால் வாங்கிக்கொள்வோம் என்று தீவு ஆக்கள் காசு சேர்த்தார்கள். 1871இல் சிலர் கூட்டாகச் சேர்ந்து ரக்கூன் ப்ளஃப் பகுதியில் சுமார் ஆயிரம் ஏக்கரை வாங்கினார்கள். அடிமைத்தனம் ஒழிந்து ஆறே வருடம்!

1934இல் புகையிலைக் கோடீஸ்வரர் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் ஜூனியர் தீவின் பெரும்பகுதியை வாங்கினார். தீவில் படகும் வேலையும் அவருடைய கையில். சிதறியிருந்த கறுப்பினக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாக மூடவைத்து, காணிக்குக் காணி மாற்றி, எல்லாரையும் ஹொக் ஹம்மக் என்ற ஒரே கிராமத்துக்குள் கொண்டுவந்தார். 1964 அளவில் ரக்கூன் ப்ளஃப் வெறுமையாகிவிட்டது. பிலாலியின் வழிவந்த கோர்னீலியா வோக்கர் பெய்லி (1945–2017) தன் குடும்பமும் இப்படிப் பெயர்க்கப்பட்டதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா வேலை பார்த்தது ரெனால்ட்ஸிடம். அப்படியிருக்க, விருப்பப்பட்டுத்தான் மாறினார்கள் என்று உறுதியில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது?

ரெனால்ட்ஸ் இறந்தபின் அவருடைய மனைவி 1969இலும் 1976இலும் தீவை மாநில அரசுக்கு விற்றார். அது இப்போது பாதுகாக்கப்பட்ட இயற்கை வளம். கிராமத்துக்கு மிஞ்சியது 434 ஏக்கர், நூற்றுக்கு மூன்று வீதம்கூட இல்லை. சதுப்பைக் காப்பாற்றியதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்குள் ரக்கூன் ப்ளஃப் ஆக்களின் காணியும் சேர்ந்து போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த 434 ஏக்கரும் லேசில் நிற்கவில்லை. முதுசக் காணி பெரும்பாலும் மரணசாசனம் இல்லாமலே கைமாறி வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் கூட, காணி பிரிபடாமல் கிடக்கிறது. ஊரைவிட்டுப் போன ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்றால் போதும். அந்த வெளியாள் பிரிவினை வழக்குப் போட்டு முழுக் காணியையும் விற்பனைக்குக் கொண்டுவரலாம். ஜோர்ஜியா 2012இல் இதற்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதே காலத்தில், கடற்கரை வீடு தேடும் பணக்காரர்களால் காணி விலை ஏற, வரிச் சிட்டை பல மடங்காக வந்தது. பள்ளிக்கூடம் 1978இலேயே மூடியாச்சு, பிள்ளைகள் படகேறித்தான் படிக்கப் போகவேண்டும். இன்றைக்கு அந்தக் கிராமத்தில் மிஞ்சியிருக்கிற பழைய குடிகள் ஐம்பது பேர்கூட வராது.

2023 செப்டெம்பரில் கவுன்ரி ஆணையாளர்கள் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில், ஹொக் ஹம்மக்கில் கட்டக்கூடிய வீட்டின் அளவை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 ஆக உயர்த்தினார்கள். வீடு பெருத்தால் காணி விலை ஏறும், விலை ஏறினால் வரி ஏறும். ஊர் ஆக்கள் கையெழுத்துச் சேர்த்து, இதை மக்கள் வாக்குக்கு விடச் சொன்னார்கள். 2024 ஒக்ரோபர் முதலாம் திகதி வாக்கெடுப்பு என்று நாள் குறித்தபின், நீதிபதி ஒருவர் அதை நிறுத்தினார். அதே மாதம் 19ஆம் திகதி, கல்லா-கீச்சிப் பண்பாட்டு விழா நாளில், படகுத்துறையின் நடைபாலம் உடைந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். அநேகமானோர் வயதானவர்கள்.

2025 செப்டெம்பர் 30ஆம் திகதி ஜோர்ஜியா உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் தடையை நீக்கியது. வீட்டின் அளவு பற்றிய அந்த விதியை வாக்குப்போட்டுத் தள்ளுபடி செய்யக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்று ஒருமனதாகத் தீர்ப்பு. வாக்களிக்கிறது முழு மக்கின்ரோஷ் கவுன்ரியும். ஹொக் ஹம்மக்கின் வாக்குகள் அதில் ஒரு கைப்பிடி.