மரபுரிமைத் தச்சுக் கருவிகள்: அடையாளமும் பயன்பாடும்

முன்னுரை

கற்றோர்க்குச் சென்ற திசையெல்லாம் உணவு கிட்டும் என்பதற்கு, மழுவுடன் காடு புகும் தச்சர் வீட்டுச் சிறுவரைப் புறநானூற்றின் 206ஆம் பாடலில் ஒளவையார் உவமையாக்குகிறார். கருவியும் கைத்திறனும் ஒருங்கே அமைந்த வாழ்வே இவ்வுவமையின் அடிப்படையாகும். மின்பொறிகள் பெருகி, வாரிசுகள் வேறு தொழில் நாடிய பின்னர்க் கருவி மட்டுமே எஞ்சுகின்றது. பெயரும் பயனும் அறியப்படாத கருவி பழைய இரும்பாக எடைக்கு விற்கப்படுகின்றது. அத்தகைய கருவிகளை இனங்காணும் வழிகளையும் அவற்றின் இன்றைய பயனையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

அடையாளச் சான்றுகள்

முதற்சான்று வெட்டுவாயின் அமைப்பு. கோடரியின் வாய் காம்புக்கு இணையாகவும், வாய்ச்சியின் வாய் குறுக்காகவும் அமையும். துளை வெட்டும் உளி குறுகித் தடித்திருக்கும். சீவும் உளி அகன்று மெலிந்திருக்கும். பற்கள் கைப்பிடியை நோக்கிச் சாய்ந்த ரம்பம் இழுத்து அறுப்பதற்குரியது. எதிர்ப்புறம் சாய்ந்தது தள்ளி அறுப்பதற்குரியது.

இரண்டாவது சான்று முத்திரை. உளியிலோ இழைப்புளியின் தகட்டிலோ ‘காஸ்ட் ஸ்டீல்’ என ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருப்பின், அது 18ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டில் உருவான மூசை உருக்கு முறையைச் சுட்டும். அக்கருவி இறக்குமதியானது எனக் கருத இடமுண்டு. ஆதலின் சாணை பிடிக்குமுன் முத்திரையைப் பதிவு செய்தல் இன்றியமையாதது.

முழக்கோலின் பயன்

வெறும் மரச்சட்டம் எனக் கழிக்கப்படும் முழக்கோலே வரலாற்றாய்வுக்குப் பெரிதும் உதவுவது. தமிழகத் தச்சு முழம் 24 விரல் கொண்டது. ஆங்கில அளவில் 33 அங்குலம், அதாவது ஏறத்தாழ 84 செ.மீ. கேரளத் தச்சு மரபின் கோல் ஏறத்தாழ 72 செ.மீ. எனவே கோலின் நீளமே அது சார்ந்த மரபை உணர்த்தும். 13 அடி 9 அங்குலம் நீளமுள்ள ஓர் அறையை இக்கோலால் அளந்தால் சரியாக 5 முழம் அமையும். அடிக்கணக்கில் ஒழுங்கற்றதாகத் தோன்றும் அளவு, கட்டியவரின் கணக்கில் முழு எண்ணாகிறது. பழைய வீடுகளைப் பழுதுபார்ப்போர்க்கும் கட்டட வரலாற்றாய்வாளர்க்கும் இக்கணக்கு வேண்டுவதாகும்.

பெயர்ப்பட்டியலின் தேவை

இங்கிலாந்தின் சாத்தம் நகரைச் சேர்ந்த பெஞ்சமின் சீட்டனுக்கு அவருடைய தந்தை 1796இல் தச்சுக் கருவிகள் வாங்கித் தந்தார். 1797இல் சீட்டன் அவற்றுக்கெனப் பெட்டி செய்து, விலையுடன் கருவிப்பட்டியலும் எழுதிவைத்தார். ராச்செஸ்டர் கில்டுஹால் அருங்காட்சியகத்திலுள்ள அப்பெட்டியில் பெயரும் பொருளும் இணைந்திருப்பதால், அக்காலக் கருவிகளை இனங்காண அது அளவுகோலாகின்றது. தமிழ்த் தச்சரின் பட்டியலோ பெரும்பாலும் வாய்மொழியிலேயே வாழ்கின்றது. சொல்வோர் மறைந்தால் அதுவும் மறையும்.

முடிவுரை

வடிவமும் முத்திரையும் ஊகத்தைத் தரும். கருவியைத் தீட்டி, பழகிய கையில் கொடுத்து, மரத்தில் இயக்கிப் பார்ப்பதே அதனை உறுதிசெய்யும். ஆயுத பூசையன்று பழங்கருவிகள் பெட்டியை விட்டு வெளிவருகின்றன. முதியோரிடம் அவற்றின் பெயர், பயன், அளவு ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்ய அந்நாள் உகந்தது. பொட்டிட்டு வணங்கியதோடு அவற்றை மீண்டும் பெட்டியில் இட்டுவிட்டால், கருவி எஞ்சும், தொழிலறிவு எஞ்சாது.